குஞ்சு என்ன தின்கிறது? பறவை மேதை சலீம் அலியின் வாழ்க்கை

குருவி நெல்லைத் தின்னும். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் குருவிக் குஞ்சு என்ன தின்னும்?

நெல் அல்ல, புழு, பூச்சி, வெட்டுக்கிளி!

நெல்லைக் கொத்தித் தின்னும் அதே தாய்க்குருவி, தன் குஞ்சுக்கு மட்டும் வயலில் இருக்கும் புழுவைத் தேடிப் பிடித்துக் கொண்டு போகிறது. நெல்லைத் திருடும் குருவியே நெல்லுக்குக் காவலாளியாகவும் இருக்கிறது.

அப்படியானால் குருவி விவசாயிக்கு நண்பனா, பகைவனா?

இந்தக் கேள்விக்குக் கையில் கணக்கு வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் சலீம் அலி. இந்தியாவின் பறவை மேதை என்று உலகம் போற்றிய மனிதர். பட்டம் பெறாதவர். உத்தியோகம் இழந்தவர். ஆனாலும் 90 வயது வரை பறவைகளைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர்.

தாய் தந்தை இல்லாத பிள்ளை

1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் தேதி பம்பாயில் சலீம் அலி பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார்.

மாமா அமிருத்தீன் தியாப்ஜிக்குக் குழந்தை இல்லை. அவரும் அவர் மனைவி ஹமீதா பேகமும் இந்தப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பையன்களுக்கு வேட்டை ஒரு விளையாட்டு. சலீமுக்கும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவதுதான் பொழுதுபோக்கு.

சுமார் 10 வயதில் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான் சிறுவன். கையில் எடுத்துப் பார்த்தான். வழக்கமான குருவியைப் போலத்தான் இருந்தது. ஆனால் அதன் தொண்டையில் ஒரு மஞ்சள் திட்டு! இது என்ன குருவி?

மாமாவிடம் ஓடினான். மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டு போகும்படி அனுப்பி வைத்தார்.

வாழ்க்கையை மாற்றிய வெள்ளைக்காரர்

கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டு என்ற ஆங்கிலேயர். கையில் செத்த குருவியுடன் வந்த சிறுவனை அவர் விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துக் கெடாமல் பாடம் செய்யும் வித்தையையும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

இந்தியாவில் இத்தனை விதமான பறவைகள் இருக்கின்றன என்பது அன்றுதான் சிறுவனுக்குத் தெரிந்தது. அந்த வியப்பு அவர் சாகும் வரை குறையவில்லை.

படிப்பும் வியாபாரமும் ஏறவில்லை

படிப்பில் சலீம் கெட்டிக்காரர் அல்ல. 13 வயதில் தீராத தலைவலி வந்தது. சிந்து மாகாணத்தில் இருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். 1913இல் தட்டுத் தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்தார், கணக்கு பயமுறுத்தியது. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே தவோய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரத்தைக் கவனிக்கப் போனவர், சுற்றியிருந்த காட்டையும் அதிலிருந்த பறவைகளையும் கவனித்தார்! வியாபாரம் என்ன ஆகும்? 1917இல் ஊர் திரும்பினார்.

பம்பாயில் வணிகச் சட்டமும் கணக்குப் பதிவும் படித்தார். இந்தப் பையனின் மனம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டவர் பிளாட்டர் என்ற பாதிரியார். அவர் தூண்டுதலால் செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை.

1918 டிசம்பரில் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கணவரின் பைத்தியத்தைத் தன் பைத்தியமாக்கிக்கொண்டார். காட்டில் கூடாரத்தில் தங்கவும் தயங்கவில்லை.

போன வேலை தந்த புகழ்

அரசாங்க விலங்கியல் துறையில் பறவை நிபுணர் வேலைக்கு முயன்றார். பட்டம் இல்லை என்ற காரணத்தால் கிடைக்கவில்லை.

1926இல் பம்பாய் பொருட்காட்சி சாலையில் வழிகாட்டி உத்தியோகம் கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். வருகிறவர்களுக்குப் பறவைகளையும் மிருகங்களையும் பற்றி விளக்கிச் சொல்லும் வேலை.

இது போதவில்லை அவருக்கு. 1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். செத்த பறவையை அளப்பது மட்டும் ஆராய்ச்சி அல்ல. உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது, எதைத் தின்கிறது, குஞ்சை எப்படி வளர்க்கிறது என்று பார்ப்பதே பெரிய ஆராய்ச்சி என்பது அங்கே அவருக்கு உறுதிப்பட்டது.

1930இல் ஊர் திரும்பினார். வந்ததும் ஓர் இடி! பணம் இல்லை என்று சொல்லி அவருடைய உத்தியோகத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வாடகை கொடுத்துப் பம்பாயில் வாழ முடியாது. கணவனும் மனைவியும் கடலோரத்தில் இருந்த கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

வேலை போனது நல்லதாகப் போயிற்று. கிஹிமில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன!

தூக்கணாங்குருவியின் ரகசியம்

அந்த மழைக்காலம் முழுவதும் சலீம் அலி அந்தக் கூடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கூடு கட்டுகிறது? யார் முட்டையிடுகிறது? யார் குஞ்சுக்கு இரை கொடுக்கிறது? எல்லாவற்றையும் நோட்டில் குறித்தார்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரிந்த பறவைதான். ஆனால் அதன் குடும்ப ரகசியத்தை அதுவரை யாரும் சரியாகக் கண்டு சொன்னதில்லை.

ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். கூடு பிடித்திருந்தால்தான் உள்ளே குடிபுகும். பிறகு ஆண் குருவி மிச்சக் கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும். அடுத்த பெண்ணை அழைக்கும்!

முதல் கூட்டில் இருக்கும் தாய் தனியாக அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். தானியம் தின்னும் பறவைதான். ஆனாலும் பிஞ்சுக் குஞ்சுக்குப் பூச்சி பிடித்து ஊட்டும். வளரும் உடம்புக்கு மாவுச்சத்து மட்டும் போதாது. சதையும் சிறகும் வளரப் புரதம் வேண்டும். அது பூச்சியில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சி வெளியானதும் சலீம் அலியின் பெயர் உலகத்துப் பறவை நிபுணர்களுக்குத் தெரிந்தது.

தேன் குடிக்கும் சிட்டு

பறவை எதைத் தின்கிறது என்ற கேள்வியை அவர் பிறகு விடவே இல்லை.

மாமரத்தில் புல்லுருவி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சி மரத்தையே வாட்டும் ஒட்டுண்ணி அது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அது எப்படித் தாவுகிறது? இதை ஆராய்ந்து 1931இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தேன்சிட்டு புல்லுருவிப் பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தத்தைப் பரப்புகிறது. வேறொரு சின்னப் பறவை அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்கிறது.

1932இல் இன்னொரு கட்டுரை. பூக்களைத் தேடிப் போகும் பறவைகளும், பறவைகளை நம்பிக் காய்க்கும் மரங்களும் அதில் இடம் பெற்றன. பறவைக்குக் கிடைப்பது தேன். மரத்துக்குக் கிடைப்பது சந்ததி!

நண்பனா, பகைவனா?

இந்தக் கேள்வி இந்தியாவில் முன்பே எழுந்ததுதான். பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே மேசன், லெஃப்ராய் என்ற இருவர் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த பூச்சிகளையும் தானியங்களையும் எண்ணி, 1912இல் ஒரு நூல் வெளியிட்டார்கள்.

அது நல்ல தொடக்கம். ஆனால் அதற்குப் பிறகு வேலை வேகமாக நடக்கவில்லை. கோடிக்கணக்கான விவசாயிகள் வாழும் நாட்டில் இது பெரிய குறை என்று சலீம் அலி கருதினார். 1936இல் இதைப் பற்றி ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்.

ஒரு பறவை நெல் தின்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு அதைத் திருடன் என்று தீர்மானிக்கக் கூடாது. அறுவடைக் காலத்தில் என்ன தின்கிறது? மழைக்காலத்தில் என்ன தின்கிறது? குஞ்சு வளர்க்கும் காலத்தில் என்ன கொண்டு வருகிறது? வருஷம் முழுவதும் பார்த்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும். இதுவே அவர் கட்சி.

1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன், சாதாரண மனிதரும் படித்துப் பறவையை அடையாளம் காணும்படி எழுதப்பட்ட புத்தகம். அதில் இந்தக் கணக்குகளும் இருக்கின்றன. மைனா இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை ஜோடி, குஞ்சுகளுக்காக ஒரே நாளில் 370 தடவை கூட்டுக்கு இரை கொண்டு வந்ததாம்! சிட்டுக்குருவி ஒரு நாளில் 220 முதல் 260 தடவை வரை இரை கொண்டு வருமாம்!

ஒரு தடவைக்கு ஒரு புழு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கூட்டுக்கு ஒரு நாளில் எத்தனை புழு? ஒரு கிராமத்தில் எத்தனை கூடு? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அதற்காக எல்லாப் பறவையும் நல்லவை என்று அவர் வாதிடவில்லை. கிளிகள் பழத்தையும் கதிரையும் தின்பதைவிட வீணாக்குவதே அதிகம் என்று கண்டிப்பாக எழுதினார். பறவை மீது அன்பு இருந்தது. ஆனால் கணக்கில் பொய் இல்லை.

சீனாவில் நடந்தது

கணக்குப் பார்க்காமல் குருவியைக் கொன்றால் என்ன ஆகும்? இதற்குச் சீனாவே சாட்சி.

1958இல் சீன அரசாங்கம் ஈ, கொசு, எலி, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க இயக்கம் நடத்தியது. குருவி தானியத்தைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. மக்கள் தெருவில் இறங்கித் தட்டும் தாம்பாளமும் அடித்து ஓசை எழுப்பினார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து குருவிகள் களைத்து விழுந்து செத்தன.

குருவி போயிற்று. பூச்சி பெருகிற்று! 1960இல் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் சீனாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியைக் கொன்றதும் அவற்றில் ஒன்று என்று சொல்கிறார்கள்.

துயரத்திலும் விடாத உழைப்பு

சலீம் அலிக்குச் சம்பளம் இல்லை. ஆனால் சமஸ்தானங்கள் இருந்தன. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று ஒவ்வொரு சமஸ்தானமாகப் போய், அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். பிரயாணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம்!

மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடுகளைச் சுற்றினார். தெஹ்மினாவும் கூடவே வந்தார். ஆனால் 1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த அம்மையார் இறந்துபோனார். சலீம் அலி நிலைகுலைந்து போனார். பிறகு அக்கா வீட்டாரின் அரவணைப்பில் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. துக்கத்தை உழைப்பில் கரைத்தார்.

அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள பறவைகளைப் பற்றி 10 பாகங்களில் பெரிய நூல் எழுதினார். 1968 முதல் 1974 வரை அந்தப் பாகங்கள் வெளிவந்தன. ஒவ்வொரு பறவைக்கும் அது எதைத் தின்கிறது என்று தனியாக ஒரு பகுதி!

பரத்பூரில் ஒரு பாடம்

ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்ற ஊர். அங்குள்ள ஏரிக்காட்டில் ராஜாக்கள் வாத்து வேட்டை ஆடுவார்கள். 1938இல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஏரியை வற்றவைத்து வயலாக்க யோசனை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார். ஏரி தப்பியது.

ஆனால் 1982இல் அங்கே மாடு, எருமை மேய்வதைத் தடுத்தபோது, அந்தத் தடையை ஆதரித்தவர்களில் சலீம் அலியும் ஒருவர். கிராமத்தார் கொதித்தார்கள். கலவரம் மூண்டது. உயிர்கள் போயின.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. எருமைகள் போனதும் தண்ணீரில் புல் மண்டியது. பறவைகள் இரை தேட இடமில்லாமல் தவித்தன! இதைக் கண்டு சொன்னது யார்? சலீம் அலியின் சொந்தக் கழகம் அங்கே 10 ஆண்டுகள் நடத்திய ஆராய்ச்சிதான். மேதையின் எண்ணமே ஆனாலும், உண்மை வேறாக இருந்தால் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பரிசும் பதவியும்

1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண் விருதுகள் வந்தன. அதே 1976இல் 50,000 டாலர் பரிசும் கிடைத்தது. வாடகை கொடுக்க வழியில்லாமல் கிராமத்துக்குக் குடிபோன மனிதர் அந்தப் பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டார்!

1985இல் ராஜ்யசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, 90ஆம் வயதில், பம்பாயில் காலமானார்.

தமிழ்நாட்டிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. 1990இல் கோவையில் பறவை ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் பெயரால் தொடங்கப்பட்டது. தேனிப் பக்கத்து மேகமலையில் கிடைத்த அபூர்வமான ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும் 1972இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஒரகடமும் வேடந்தாங்கலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். டெலிபோன் செய்கிறார்கள். பல மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் பூமி அது.

அதே பூமி ஏரிகளின் பூமியும்கூட. மழை நாளில் ஏரி நிரம்பினால் கொக்கும் நாரையும் வந்து இறங்கும்.

ஒரகடத்திலிருந்து தெற்கே போனால், மதுராந்தகத்தை அடுத்து வேடந்தாங்கல். சுமார் 74 ஏக்கர் ஏரி. தண்ணீரில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான கூடுகள்! பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் மக்கள் அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று அவர்கள் முறையிட, 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புப் பத்திரம் கொடுத்தார். 1858இல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது.

ஆனால் சலீம் அலியின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். அத்தனை குஞ்சும் என்ன தின்கின்றன?

நத்தைகுத்தி நாரையின் குஞ்சுக்கு நத்தை வேண்டும். நீர்க்காகத்தின் குஞ்சுக்கு மீன் வேண்டும். கொக்குக் குஞ்சுக்கு மீன், தவளை, பூச்சி எல்லாம் வேண்டும். 74 ஏக்கர் ஏரி இத்தனை வயிறுகளுக்குப் போதுமா? போதாது! தாய்ப் பறவைகள் சுற்றிலுமுள்ள ஏரிக்கும் குளத்துக்கும் நெல் வயலுக்கும் பறந்து போய் இரை பிடித்து வருகின்றன. கூடு ஓர் ஊரில். சோறு பல ஊரில்!

அதனால்தான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998இல் வகுத்தார்கள். 2020இல் அந்த எல்லையைச் சுருக்க யோசனை எழுந்தபோது பலர் எதிர்த்ததற்கும் காரணம் இதுதான். மரத்தைக் காப்பாற்றிவிட்டு வயலையும் குளத்தையும் கைவிட்டால், கூடு இருக்கும், குஞ்சு இருக்காது.

உலகெங்கும் ஒரே கேள்வி

குளிர்க் கடல்களில் சீல் என்ற கடல் பிராணி இருக்கிறது. குட்டி தாய்ப்பாலை மறந்ததும் தானாக இரை தேட வேண்டும். கடலுக்குள் அது எதைத் தின்கிறது? யாரும் கூடவே நீந்திப் பார்க்க முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் அதன் சாணத்தைச் சலித்து, அதில் கிடக்கும் மீனின் காது எலும்புகளைப் பொறுக்கி, எந்த மீன் என்று கண்டுபிடிக்கிறார்கள். சீல் மீனவருடைய மீனைத் திருடுகிறதா, இல்லையா என்ற வழக்குக்கும் அதில்தான் தீர்ப்பு இருக்கிறது.

குருவி ஆனாலும் சீல் ஆனாலும் நியாயம் ஒன்றுதான். பழி சொல்லும் முன் பார்க்க வேண்டும். பார்த்ததை எண்ண வேண்டும். எண்ணியதை எழுத வேண்டும்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. பெரிய பணமும் தேவையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் பொறுமையும் போதும். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் குருவி கூடு கட்டியிருந்தால், குழந்தைகளைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்குருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வருகிறது? வாயில் இருப்பது நெல்லா, புழுவா? எண்ணட்டும், எழுதட்டும்.